மகளின் பெயரில் சென்ட், பிறர் கையில் பெயர்: போல் புவாரே – ஒரு நிகழ்வு ஆய்வு

துணி வடிவமைப்பவர் தன் பெயரில் சென்ட் விடுவது இன்று யாருக்கும் புதிதில்லை. ஷனேல், டியோர், லான்வின் என்று கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் பாட்டில்களைப் பார்த்தால், அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு தையல் கூடம் இருந்தது என்பதே பலருக்கு நினைவில் வராது. ஆனால் இந்த வழியை முதலில் வெட்டிய மனிதரின் பெயர் அந்த அலமாரியில் இல்லை. அவர் போல் புவாரே. பாரிஸ்காரர். 1911-லேயே தன் ஆடைக்கூடத்தோடு ஒரு வாசனை நிறுவனத்தையும் தொடங்கினார். அப்போது ஷனேலின் 5-ஆம் எண் சென்ட் வர இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன.

அவருடைய வாழ்க்கையை ஒரு கலைஞனின் எழுச்சி, வீழ்ச்சி என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. எந்த ஆண்டில் என்ன முடிவு எடுத்தார், ஏன் எடுத்தார், அதனால் என்ன ஆனது என்று வரிசையாகப் பார்த்தால்தான் இதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும், அதனால் அப்படியே எழுதுகிறேன். பொது வரலாற்றில் இடம்பெற்றவர்களை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். கூடத்தில் உழைத்தவர்கள், பணம் போட்டவர்கள், பள்ளியில் படித்த பெண்கள் எல்லாம் பெயரில்லாமல்தான் வருவார்கள்.

பின்னணி: குடைக்கடையிலிருந்து ஓபேர் தெரு வரை

புவாரே 1879-ல் பாரிஸில், லே ஆல் சந்தைப் பகுதியில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. மகனுக்குத் தொழில் பழகட்டும் என்று ஒரு குடை செய்பவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார். பையனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. ஆனால் குடைக்கு வெட்டியபின் மிஞ்சும் பட்டுத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு சின்ன மரப்பொம்மைக்கு உடை உடையாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பிற்பாடு அவர் செய்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். அவருக்குத் தையல் நுணுக்கத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. துணியைத் தோளிலிருந்து விழவிட்டு, அது எப்படி விழுகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வழி.

ஆடைக்கூடங்களுக்கு வரைபடங்கள் விற்கத் தொடங்கினார். ஆடைக்கூடம் நடத்திய மதாம் ஷெருய் ஒரே நேரத்தில் பன்னிரண்டு படங்களை வாங்கினார். 1898-ல் ஜாக் தூசே என்ற பெரிய கூடக்காரர் அவரை வேலைக்கு எடுத்தார். அங்கே அவர் வடிவமைத்த முதல் உடை ஒரு சிவப்பு மேலங்கி, அது 400 பிரதிகள் விற்றது. அப்புறம் வொர்த் கூடத்தில் கொஞ்ச காலம். அரச குடும்பத்துப் பெண்களுக்குக் கனமான விருந்து உடை தைக்கும் இடம் அது. எளிய அன்றாட உடைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் புவாரேயை அங்கே வைத்திருந்தார்கள். கிமோனோ போல நேராக வெட்டிய ஒரு மேலங்கியை அவர் காட்டியபோது ஒரு ரஷ்ய இளவரசி முகம் சுளித்துக் கண்டித்தார். அதே வெட்டைத்தான் பின்னாளில் அவர் தன் சொந்தக் கூடத்தில் ஆயிரம் விதமாகச் செய்தார்.

1903-ல் ஓபேர் தெருவில் தனிக்கூடம் திறந்தார். ரெழான் என்ற புகழ்பெற்ற நாடக நடிகை வாடிக்கையாளராக வர, கூட்டமும் பின்னாலேயே வந்தது. 1905-ல் தெனீஸ் பூலே என்ற பெண்ணை மணந்தார். மெலிந்த உடல்வாகு, இடுப்பை இறுக்கும் கார்செட் தேவையில்லாத தோற்றம். அவர் முதலில் உடை தைத்துப் பார்த்தது தெனீஸுக்குத்தான், உலகத்துக்குக் காட்டியதும் தெனீஸ் மேல்தான்.

1906 முதல் 1910 வரை: கூடத்தில் கண்டவை

1906 வாக்கில் அவர் கார்செட்டை விட்டார். அந்தக் காலத்துப் பெண்ணின் உடை இடுப்பில் நின்றது. மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி, நடுவில் எலும்பும் எஃகும் வைத்த இறுக்கம். புவாரே அந்த எடையைத் தோளுக்கு மாற்றினார். வெளிறிய ஊதாவும் இளநீலமுமாக இருந்த இடத்தில் ரத்தச் சிவப்பு, கிளிப்பச்சை, ஆரஞ்சு. 1908-ல் போல் ஈரிப் என்ற ஓவியரைக் கொண்டு தன் உடைகளை ஒரு ஆல்பமாக வரையவைத்து 250 பிரதிகள் அச்சிட்டார். ஒரு தையல்காரர் தன் வேலையைக் கலைப்புத்தகமாக வெளியிடுவது அப்போது யாரும் யோசிக்காத விஷயம். 1911-ல் ஜார்ஜ் லெபாப் வரைந்த இரண்டாவது ஆல்பம் வந்தது.

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்தியத் தலைப்பாகைகளின் தொகுப்பைப் பார்த்து அசந்துபோய், தன் கூடத்தின் தலைமைத் தையற்பெண்ணைப் பாரிஸிலிருந்து வரவழைத்து, ஒவ்வொரு கட்டும் எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் படிக்க வைத்தார். சில வாரங்களில் பாரிஸ் பெண்கள் தலைப்பாகை கட்டத் தொடங்கிவிட்டார்கள். இந்தத் தலைப்பாகைகளைக் கட்டியவர்கள் யார், எந்த ஊர்க் கட்டு அது என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. எனக்கு இது உறுத்துகிறது. அவருடைய கண் கூர்மையானது, அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்தக் கண்ணுக்குக் கீழைநாடு என்பது ஒரு பெரிய அலங்காரப் பெட்டி. பாரசீகம், இந்தியா, ஜப்பான், சீனா எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெண்களை விடுவித்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். 1910-ல் அவர் பரப்பிய குறுகிய பாவாடை கணுக்காலில் அவ்வளவு இறுகலாக இருந்ததால் பெண்களால் சரியாக அடியெடுத்து வைக்க முடியவில்லை. மார்பை விடுவித்தேன், ஆனால் காலைக் கட்டினேன் என்ற பொருளில் அவரே பின்னாளில் எழுதினார்.

1911: ஒரே ஆண்டில் எடுத்த முடிவுகள்

இந்த ஆண்டைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே ஆண்டில் ஒரு பள்ளி, ஒரு துணி அச்சுப் பட்டறை, ஒரு வாசனை நிறுவனம், ஒரு விருந்து. தனித்தனியாகப் பார்த்தால் ஆசைக்காரர் ஒருவரின் அலைபாயல் போலத் தெரியும். சேர்த்துப் பார்த்தால் ஒரு முழுத் திட்டம் தெரிகிறது: பெண் உடுத்தும் உடை மட்டுமல்ல, அவள் உட்காரும் நாற்காலி, சுவரில் ஒட்டும் தாள், அறையில் கமழும் மணம் எல்லாம் ஒரே கையிலிருந்து வரவேண்டும். இன்று இதை லைஃப்ஸ்டைல் பிராண்ட் என்கிறார்கள். அன்று அதற்குச் சொல்லே கிடையாது.

பள்ளிக்கு இரண்டாவது மகள் மார்ட்டீனின் பெயர். அதற்கு முன் அவர் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் போய், அங்கே கலைப்பள்ளிகள் மாணவர்களை ஒரே அச்சில் வார்ப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதற்கு நேர்மாறாகச் செய்யவேண்டும் என்று நினைத்தார். பாரிஸின் உழைக்கும் குடும்பங்களிலிருந்து, தொடக்கப் படிப்பை முடித்த பன்னிரண்டு வயது ஒட்டிய பெண்களைச் சேர்த்தார். முதலில் ஒரு ஆசிரியையை வைத்துப் பார்த்து, அவர் கற்பிப்பதே பிள்ளைகளின் கையைக் கட்டுகிறது என்று தோன்றியதும் ஆசிரியையே வேண்டாம் என்று முடிவெடுத்தார். பிள்ளைகள் விலங்குக் காட்சிச்சாலைக்கும் பூங்காக்களுக்கும் போய்ப் பார்த்ததை இஷ்டப்படி வரைவார்கள். நன்றாக இருப்பதற்குப் பணம் கிடைக்கும். அந்தப் படங்கள் கம்பளமாக, திரைச்சீலையாக, சுவர்த்தாளாக மாறி மார்ட்டீன் என்ற பெயரில் விற்கும்.

துணி அச்சுப் பட்டறையை ஓவியர் ரவுல் தூஃபிக்காகத் தொடங்கினார். தூஃபி மரக்கட்டையில் செதுக்கிய வடிவங்கள் பெரிய பெரிய பூக்களாகத் துணியில் விழுந்தன. ஆனால் 1912-லேயே லியோன் பட்டு நிறுவனமான பியான்கினி-ஃபேரியே தூஃபியை நல்ல ஒப்பந்தத்தோடு அழைத்துக்கொண்டது. புவாரேயின் பணத்தில் சோதித்துப் பார்த்தது இன்னொருவருக்குப் பலன் தந்தது. இது அவர் வாழ்வில் திரும்பத் திரும்ப நடந்தது, வாசனையிலும் இதேதான்.

வாசனை நிறுவனத்துக்கு மூத்த மகள் ரோசீனின் பெயர்.

ஜூன் 24 இரவு

அன்றிரவு தன் வீட்டுத் தோட்டத்தில் ‘ஆயிரத்து இரண்டாம் இரவு’ என்ற பெயரில் ஒரு பாரசீக விருந்து வைத்தார். சுமார் 300 பேர். கீழைநாட்டு உடையில் வராதவர்களுக்கு அங்கேயே உடை தயாராக இருந்தது, உடுத்தமாட்டேன் என்றால் திரும்பிப் போகலாம். புவாரே சுல்தான் வேடத்தில். தெனீஸ் ஒரு தங்கக் கூண்டுக்குள் சுல்தானின் பிரியமானவளாக உட்கார்ந்திருந்தார், விருந்தினர் வந்தபின் புவாரே கூண்டைத் திறந்துவிட்டார். ‘நுய் பெர்சான்’, அதாவது பாரசீக இரவு என்ற சென்ட் விருந்தினர் கைக்குப் போனது.

அந்தக் கூண்டை எந்த விதத்தில் பார்த்தாலும் எனக்கு ஏற்கவில்லை. ஆனால் தொழில் கண்ணோடு பார்த்தால் அந்த இரவில் நடந்தது ஒரு புதிய காரியம். அதுவரை சென்ட் என்பது பெரும்பாலும் ரோஜா, ஊதாப்பூ, மல்லிகை என்று பூவின் பெயரோடோ ஒரு வாசனைக் கலைஞரின் பெயரோடோ விற்றது. இங்கே ஒரு இரவு, ஒரு உடை, ஒரு கதை, அதன் மணம் என்று சேர்த்துக் கொடுத்தார். பாட்டிலைத் திறக்கும்போது அந்தத் தோட்டம் நினைவுக்கு வரவேண்டும், அங்கே வராதவர்கள்கூட வந்ததுபோல உணரவேண்டும். சென்ட் விளம்பரங்கள் இன்றுவரை செய்ய முயல்வது இதைத்தான்.

ரோசீன் எப்படி இயங்கியது

பல ஆடைக்கூடங்கள் பின்னாளில் செய்தது வேறு: வெளியே ஒரு வாசனை நிறுவனத்திடம் செய்யச்சொல்லி, தங்கள் லேபிளை ஒட்டினார்கள். புவாரே அப்படிச் செய்யவில்லை. பாரிஸ் அருகே கூர்ப்வுவாவில் சொந்த ஆலை, வாசனை கலக்கும் ஆய்வுக்கூடம், பாட்டில் வேலை, பெட்டி வேலை எல்லாம் தன் கைக்குள். மணம் கலந்தவர்களில் ஒருவர் அன்ரி அல்மெராஸ். பாட்டில்களிலும் பெட்டிகளிலும் வண்ணம் தீட்டியதில் மார்ட்டீன் பள்ளிப் பெண்களின் கை இருந்தது. ‘நுய் தெ ஷீன்’ சென்ட்டுக்குச் சீன மூக்குப்பொடிக் குப்பியைப் போல ஒரு பாட்டில், ‘அலாதீன்’ சென்ட்டுக்குப் பழைய கீழைநாட்டுப் பாத்திரம் போல உலோகக் குப்பி. ‘ஃப்ருய் தெஃபாந்து’ என்றால் விலக்கப்பட்ட கனி. பழ வாசனையை முன்னிறுத்திய அந்த மணம் அப்போதைக்குத் துணிச்சலானது. கூடவே பவுடர், சோப்பு, முகப்பூச்சு. மணமூட்டிய காகித விசிறிகளை விளம்பரத்துக்குக் கொடுத்தார்கள், நாடகக் கொட்டகையிலும் விருந்திலும் பெண்கள் விசிறிக்கொள்ளும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் மணம் போகும். இந்த விசிறி யோசனை எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அதில் விளம்பரமும் பொருளும் ஒன்றாகவே இருக்கின்றன.

கணக்கையும் பார்க்கவேண்டும். ஒரு விருந்து உடைக்கு அளவெடுக்க வேண்டும், பலமுறை போட்டுப் பார்க்க வேண்டும், பல கைகள் வாரக்கணக்கில் உழைக்கவேண்டும், கடைசியில் அதை ஒரே ஒரு பெண் உடுத்துவாள். சென்ட்டுக்கு அளவு கிடையாது. ஒரு கலவை சரியாக வந்துவிட்டால் ஆயிரம் பாட்டில் நிரப்பலாம், கப்பலில் அனுப்பலாம், தீர்ந்தால் அதே ஆள் திரும்ப வாங்குவார். உடை வாங்க வசதியில்லாத பெண்ணும் அந்தக் கூடத்தின் ஒரு துளியை வாங்கிக்கொள்ளலாம். உடையில் வரும் புகழைச் சென்ட்டில் பணமாக்கலாம் என்ற வழி அவருக்குத்தான் முதலில் திறந்தது.

ஏன் ரோசீன், ஏன் புவாரே இல்லை

இந்த வழக்கின் முடிச்சு இதுதான் என்று நான் நினைக்கிறேன். பாரிஸில் தெரியாதவர் இல்லாத பெயர் புவாரே. அந்தப் பெயரை உடையில் வைத்துக்கொண்டு, சென்ட் நிறுவனத்துக்கு மகள் பெயரை வைத்தார். அன்பால் வைத்த பெயர் அது, அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஒரு கலைஞராக யோசித்தாலும் நியாயம் இருக்கிறது: உடை வேறு, மணம் வேறு, அறை அலங்காரம் வேறு, ஒவ்வொன்றும் தனியாகத் தன் காலில் நிற்கவேண்டும் என்று விரும்பியிருக்கலாம். ஆனால் வாங்குபவர் பக்கத்திலிருந்து பாருங்கள். அமெரிக்காவில் ஒரு கடையில் ரோசீன் பாட்டிலைக் கையில் எடுக்கும் பெண்ணுக்கு அது புவாரேயோடு தொடர்புள்ளது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். உடை சம்பாதித்த புகழ் பாட்டிலுக்குத் தானாக இறங்கவில்லை. பாட்டில் சம்பாதித்த புகழும் உடைக்கு ஏறவில்லை.

1921-ல் ஷனேல் இதற்கு நேரெதிராகச் செய்தார். எர்னெஸ்ட் போ கலந்த மணம், எளிய சதுரப் பாட்டில், தன் பெயர், ஒரு எண். கதை இல்லை, கூண்டு இல்லை, பாரசீகம் இல்லை. பெயர்தான் அங்கே கதை.

1913 முதல் 1918 வரை: அமெரிக்காவும் போரும்

1913-ல் மனைவியோடு அமெரிக்கா போனார். கடைகளில் தன் பெயர் தைத்த உடைகள் தொங்குவதைப் பார்த்தார். அவர் வெட்டாத உடைகள், அவர் ஒட்டாத லேபிள்கள். கோபத்தோடு பாரிஸ் திரும்பி, 1914-ல் மற்ற கூடக்காரர்களையும் சேர்த்துப் பிரெஞ்சு ஆடைத்தொழிலைப் பாதுகாக்க ஒரு சங்கம் அமைத்தார். வடிவமைப்புத் திருட்டுக்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு கேட்ட முன்னோடிகளில் அவரும் ஒருவர். பெயரின் மதிப்பு என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வெளியே திருடப்படும்போது அதை நன்றாகவே உணர்ந்தார். உள்ளே தன் ஒப்பந்தங்களில் அதைக் காக்கும் ஏற்பாடு செய்யவில்லை.

அதற்குள் போர் வந்தது. அவரை ராணுவத் தையல் வேலைக்கு அழைத்தார்கள். சிப்பாய்களின் மேலங்கியைத் துணியும் வேலைநேரமும் மிச்சமாகும்படி மாற்றி அமைத்தார். கூடம் மூடிக்கிடந்தது. நான்கு ஆண்டுகள் ஆடைத்தொழிலில் மிக நீண்ட காலம். பெண்கள் வேலைக்குப் போனார்கள், பாவாடை குட்டையானது, ஜெர்சி துணி வந்தது. திரும்பி வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார், ஆனால் அந்த இடமே அங்கே இல்லை.

1919 முதல் 1925 வரை: செலவு, பங்கு, மூன்று படகுகள்

1919-ல் தன் தோட்டத்தை ‘ஓயாசிஸ்’ என்ற இரவு அரங்கமாக மாற்றினார். ஆறு மாதத்தில் சுமார் ஐந்து லட்சம் ஃபிராங்க் நட்டம். அதை நிறுத்தியபின்னும் செலவு குறையவில்லை. 1924-ல் கூடத்தை ரோன்-புவான் தெ ஷான்ஸ்-எலிசேவுக்கு மாற்றினார், பணக்காரப் பங்குதாரர்கள் உள்ளே வந்தார்கள். பெரும்பான்மைப் பிடி அவர்களுக்குப் போனது. அவர்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும்: அவர்கள் பார்த்தது ஒரு கடன்சுமையும், கணக்குப் பார்க்கப் பிடிக்காத ஒரு மனிதரையும்தான். போட்ட பணத்துக்குக் கட்டுப்பாடு கேட்டார்கள். அவருக்கோ தன் வீட்டில் தானே கூலியாளாக நிற்பதுபோல இருந்தது. இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள், ஆனால் ஒரே விஷயத்தைப் பேசவில்லை.

1925-ல் பாரிஸில் அலங்காரக் கலைகளின் சர்வதேசக் கண்காட்சி நடந்தது. ஆர்ட் டெக்கோ என்ற பெயரே பின்னாளில் அதிலிருந்துதான் வந்தது. புவாரே சேன் ஆற்றில், மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்துக்கு அருகே மூன்று படகுகளை நிறுத்தினார். பெயர்கள் அமூர், தெலீஸ், ஓர்க், அதாவது காதல், இன்பம், ஆர்கன் இசை. ஒன்றில் மார்ட்டீன் அலங்காரம், ஒன்றில் உணவகம், ஒன்றில் தூஃபி வரைந்த பெரிய திரைகளுக்கு நடுவே உடைகள். 1911-ல் அவர் கண்ட முழுத்திட்டம் மிதக்கும் வடிவத்தில் கண்முன் நின்ற நேரம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பங்குதாரர்கள் பணம் தரமறுத்தார்கள், அவர் தன் கையிலிருந்து போட்டார். எதிர்பார்த்த பணக்காரக் கூட்டம் வரவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே, வருடக்கணக்காகச் சேர்த்த தன் ஓவியத் தொகுப்பை ஏலத்துக்கு விட்டார்.

இங்கே நின்று யோசித்தால் மூச்சடைக்கிறது. பங்குதாரர்கள் சொன்னது கணக்குப்படி சரி. அவர் செய்ததும், இன்று கண்காட்சி வரலாற்றைப் படிக்கும் எவரும் முதலில் தேடும் விஷயம். இரண்டும் உண்மை.

என்ன ஆனது

1928-ல் தெனீஸும் அவரும் பிரிந்தார்கள். 1929-ல் கூடம் மூடியது. மிச்சமிருந்த உடைகளைக் கந்தல் துணிபோல எடைக்குப் போட்டார்கள். மனிதர்கள் வரிசையில் நின்று வாங்கிய உடைகள், கிலோக்கணக்கில். ரோசீனும் அந்தக் காலத்தோடு முடிந்தது.

1930-ல் தன் நினைவுக்குறிப்புகளை எழுதி வெளியிட்டார். பிறகு மறுபடி ஒரு கூடம் தொடங்கப் பார்த்தார். போல் புவாரே என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை அவரிடம் இல்லை, அது கூடத்தோடு பங்குதாரர்களிடம் போயிருந்தது. பெயருக்குப் பதில் தன் தொலைபேசி எண்ணை வைத்தார்: பாசி 10-17. அதுவும் நிலைக்கவில்லை. பிரான்தாம் என்ற பெரிய கடைக்குச் சில காலம் வடிவமைத்தார், அதுவும் நீடிக்கவில்லை. ஓவியம் வரைந்தார். 1944 ஏப்ரலில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில், வறுமையில் இறந்தார். வயது 65.

அவர் விட்டுச்சென்ற வழியில் மற்றவர்கள் நடந்தார்கள். ரோசீனில் மணம் கலந்த அல்மெராஸ், ஜான் பாட்டூ கூடத்துக்குப் போய் 1930-ல் ‘ஜாய்’ சென்ட்டை உருவாக்கினார். ழான் லான்வின் 1927-ல் தன் மகளுக்காக ‘ஆர்பேஜ்’ கொண்டுவந்தார். பாட்டிலில் தாயும் மகளும் நிற்கும் சின்னம், கூடவே லான்வின் என்ற பெயர். மகள் மேல் வைத்த அன்பும் நிறுவனத்தின் பெயரும் ஒரே பாட்டிலில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஷனேலின் கதையையும் இதோடு வைத்துப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் பெயர் வைத்தால் போதும் என்று தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. 1924-ல் ஷனேல் சென்ட் நிறுவனம் அமைந்தபோது பணம் போட்ட வெர்தைமர் சகோதரர்களுக்கு 70 சதவீதம், இடையில் நின்று அறிமுகப்படுத்திய பாதேருக்கு 20, ஷனேலுக்கு வெறும் 10. அந்த 10-க்காக அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சண்டை போட்டார், அதில் போர்க்காலத்தில் அவர் கையாண்ட வழி, யூதர்களான பங்குதாரர்களை நாஜிச் சட்டத்தைக் காட்டி வெளியேற்றப் பார்த்தது, மன்னிக்க முடியாதது. ஆனாலும் 1947-ல் புதிய ஒப்பந்தத்தில் நல்ல பங்கு கிடைத்தது. பேரம்பேச அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று: பாட்டிலில் இருந்தது அவர் பெயர், அவர் உயிரோடு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார். புவாரேக்கு அந்தப் பிடி இல்லை. சென்ட்டில் அவர் பெயர் கிடையாது. உடையில் இருந்த பெயர் அவருடையது கிடையாது.

தெனீஸ் தன் உடைகளை வைத்திருந்தார். பிரிந்த பின்னும், கூடம் எடைக்குப் போன பின்னும், பெட்டிகளில் பத்திரமாக. 2005-ல் பாரிஸில் அவை ஏலத்துக்கு வந்தன. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவற்றில் பலவற்றை வாங்கி, 2007-ல் புவாரேக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. எடைக்குப் போட்டவர்களைவிட, கூண்டில் உட்காரவைக்கப்பட்ட அந்தப் பெண்தான் அவருடைய வேலையைக் காப்பாற்றினார். 1991-ல் மரி-எலேன் ரோஜோன் என்ற வாசனைத் தொழில்முனைவோர் ரோசீன் பெயரை மறுபடி எடுத்து, ரோஜா மணங்களுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். புவாரே என்ற பெயர் தனியாக விலைக்கு வந்து, 2015-ல் தென் கொரியாவின் ஷின்செகே இன்டர்நேஷனல் அதை வாங்கியது. 2018-ல் பாரிஸில் அந்தப் பெயரில் மறுபடி உடைகள் வந்தன. அப்பா பெயர் ஒரு நாட்டில், மகள் பெயர் இன்னொரு கையில்.

எதை மாற்றியிருக்கலாம்

பின்னால் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும் என்பதை மறக்கவில்லை. 1911-ல் அவருக்கு முன்மாதிரி யாருமில்லை. ஆனாலும் அன்றே செய்யக்கூடியவை இருந்தன.

முதலாவது, ரோசீன் என்ற பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் புவாரே என்று சேர்த்திருக்கலாம். மகள் பெயர் போயிருக்காது. உடைக்கு வரும் பெண்ணுக்குப் பாட்டிலும் தெரிந்திருக்கும்.

அடுத்தது சென்ட்டைத் தனிக்கணக்காக நடத்துவது. நிலையாகப் பணம் தரக்கூடிய பகுதி அதுதான். அதை அரங்கத்தின் நட்டத்துக்கும் படகுச் செலவுக்கும் எட்டாத தூரத்தில் நிறுத்தியிருந்தால், கூடம் மூடியபோதும் ரோசீன் நின்றிருக்க வாய்ப்பு இருந்தது. அவர் எல்லாவற்றையும் ஒரே கனவாகப் பார்த்தார், அதுவே அவருடைய பலம், கடன் வந்தபோது அதே காரணத்தால் எல்லாம் சேர்ந்து சரிந்தன.

1924-ல் பங்குதாரர்களோடு உட்கார்ந்தபோது, கூடத்தை விட்டுப் போனாலும் தன் பெயரைத் தானே பயன்படுத்தலாம் என்ற ஒரு வரியைக் கேட்டிருக்கவேண்டும். பணம் தேவைப்படும் நேரத்தில் அந்த வரி அற்பமாகத் தெரியும். தொலைபேசி எண்ணைப் பலகையில் எழுதவேண்டி வந்த மனிதரிடம் கேட்டால் அது எவ்வளவு பெரியது என்று சொல்லியிருப்பார்.

கடைசியாக, மார்ட்டீன் பள்ளிப் பெண்கள். அவர்கள் வரைந்த பூக்கள் கம்பளத்திலும் பெட்டியிலும் பாட்டிலிலும் போயின, இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பணம் கொடுத்தார், சுதந்திரம் கொடுத்தார், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் பொருளின் மேல் இருந்த பெயர் மார்ட்டீன், அவருடைய மகள். வரைந்த பிள்ளையின் பெயரையும் அடியில் சின்னதாகப் போட்டிருக்கலாம். தன் பெயரைத் தன்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பின்னாளில் அவ்வளவு வலியோடு உணர்ந்தவர், அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் செய்திருந்தால், அந்த வண்ணப் பாட்டில்களில் எது யார் கைவண்ணம் என்று இன்று நமக்குத் தெரிந்திருக்கும்.